காலநிலை ஆய்வு நிறுவனங்களை எடைபோடுவது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழித்துணை

"இந்த நாலு நிறுவனமும் பத்து வருஷத்துல என்ன செஞ்சிருக்காங்கன்னு பாருங்க. யாரு தேவலைன்னு ரெண்டு வாரத்துல ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க." காலநிலை ஆய்வு நிறுவனங்களை மதிப்பிடும் வேலை பெரும்பாலும் இப்படித்தான் திடீரென்று மேசையில் வந்து விழும். அறக்கட்டளையில் வேலை பார்ப்பவருக்கு வரலாம். செய்தியாளருக்கு வரலாம். மாவட்ட அலுவலகத்தில் காலநிலைக் கோப்பைப் புதிதாகக் கையில் வாங்கியவருக்கும் வரலாம். முனைவர் பட்டத்துக்கு எங்கே சேரலாம் என்று தேடும் மாணவருக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை, அவரே இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொள்வார்.

எனக்கு முதல்முறை வந்தபோது நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். கூகுள் ஸ்காலரில் நிறுவனங்களின் பெயரைப் போட்டேன், வந்த கட்டுரைகளை எண்ணினேன், மேற்கோள்களை, அதாவது பிற ஆய்வாளர்கள் அவற்றை எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பதை, கூட்டினேன், எக்செலில் வரிசைப்படுத்தி வண்ணம் தீட்டிக் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் இருந்த வயதான வானிலையாளர் ஒருவர் என் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் கணக்கில் சென்னை ஐஐடியின் கட்டுரைகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். இரண்டுக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஐஐடிஎம்தான். ஒன்று மேகத்தை ஆராய்கிறது, இன்னொன்றில் மேகத்தோடு சேர்த்து பாலம், பெட்ரோல், பொருளாதாரம் எல்லாம் உண்டு. நான் எதைத்தான் எண்ணவில்லை!

அன்றிலிருந்து எண்ணிக்கையைக் கடைசியில்தான் தொடுகிறேன். நிறுவனம் சொல்லும் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அதன் வேர் வரைக்கும் போவேன், பிறகு நுனி வரைக்கும் போவேன். வேர் என்றால் அந்த எண் எந்தத் தரவிலிருந்து முளைத்தது என்பது. நுனி என்றால் யாருடைய மேசையில், வயலில், கரையில் அது பயன்பட்டது என்பது. இரண்டு பக்கமும் போய்வர எத்தனை தூரம் வழி கிடைக்கிறது என்பதுதான் என் மதிப்பீடு. இந்தியாவையும் இமயமலைப் பகுதியையும் சேர்ந்த நிறுவனங்களை வைத்தே அதைச் சொல்கிறேன், எனக்குப் பழக்கமானவை அவைதான்.

கேட்பவர் யார், நிறுவனம் எதற்காகப் பிறந்தது

பணம் கொடுப்பவர் கேட்டால் கேள்வி ஒன்று, மாணவர் கேட்டால் வேறொன்று. வெள்ளத் தடுப்புக்கு எந்தத் தரவை நம்பலாம் என்று பொறியாளர் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. மூவருக்கும் ஒரே அறிக்கை செல்லாது. "இந்த அறிக்கையைப் படித்துவிட்டு நீங்கள் என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டு, பதிலை அவர்கள் வாயாலேயே வாங்கி, உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேலையைத் தொடங்காதீர்கள்.

அடுத்தது நிறுவனத்தின் பிறப்பு. புனே நிறுவனம் 1962-ல் தொடங்கியது. அந்த நிறுவனத்துக்குள்ளேயே காலநிலை மாற்ற ஆய்வு மையம் 2009-ல் வந்தது. காற்று, கடல், நிலம் எல்லாம் சேர்ந்து எப்படி மாறும் என்று கணினியில் கணக்கிடும் புவி அமைப்பு மாதிரி ஒன்றை இந்தியாவுக்கென்று கட்டுவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. காத்மாண்டுவில் இருக்கும் இசிமோட், அதாவது ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான சர்வதேச மையம், 1983-ல் பிறந்தது. இந்துகுஷ் இமயமலையைப் பகிர்ந்துகொள்ளும் எட்டு நாடுகள் அதில் உறுப்பினர்கள், இந்தியாவும் சீனாவும் பாகிஸ்தானும் ஒரே மேசையில் உட்காரும் அபூர்வமான இடம் அது. சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் கரை எங்கே அரிக்கிறது, எங்கே வளர்கிறது என்று அளக்கிறது. கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் விவசாயிக்கு வானிலையைச் சொல்கிறது.

நால்வரையும் ஒரே தராசில் வைத்தால் புனேதான் ஜெயிக்கும், ஏனென்றால் மாதிரி கட்டுபவர்களுக்குக் கட்டுரை நிறைய வரும். கோவையில் வாரந்தோறும் செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிவிக்கைக்கு எந்தச் சர்வதேசப் பட்டியலிலும் மதிப்பெண் கிடையாது. ஆனால் நாளை மருந்து அடிக்கலாமா, வேண்டாமா என்று பொள்ளாச்சிக்காரர் முடிவெடுப்பது அதை வைத்துத்தான். பொன் தராசில் நெல் மூட்டையை நிறுக்காதீர்கள்.

பட்டியல் போடும் இரண்டு நாள்

வெளியீடு என்றால் ஆய்விதழ்க் கட்டுரை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கட்டுரை ஒரு பகுதி மட்டுமே. தரவுத் தொகுப்புகள், மாதிரிகள், வரைபடத் தொகுப்புகள், மதிப்பீட்டு அறிக்கைகள், வாராந்திர அறிவிக்கைகள், பயிற்சி பெற்றுப் போன ஆட்கள், மென்பொருள், சட்டமன்றக் குழுவுக்குக் கொடுத்த குறிப்பு என்று எல்லாம் பட்டியலில் வர வேண்டும். நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளை ஐந்து ஆண்டுகளுக்காவது புரட்டுங்கள். அவற்றின் பின்னிணைப்பில்தான் பாதி விஷயம் இருக்கும். முன்பக்கப் படங்கள் குத்துவிளக்கு ஏற்றுவதைத்தான் காட்டும்.

கட்டுரைகளுக்கு ஓப்பன்அலெக்ஸ் என்ற இலவசத் தளம் போதும். 2022 முதல் இயங்குகிறது, பணம் கட்டத் தேவையில்லை. நிறுவனத்தின் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதைவிட அதன் அடையாள எண்ணை வைத்துத் தேடுங்கள். அப்படியும் பெயர்க் குழப்பம் விடாது. தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்துக்கு அந்தப் பெயர் வந்தது 2018-ல்தான். அதற்கு முன்பு அது ஒருங்கிணைந்த கடலோர, கடற்பகுதி மேலாண்மைத் திட்ட இயக்ககம், சுருக்கமாக இக்மாம். பழைய பெயரைச் சேர்க்காமல் தேடினால் ஒரு நிறுவனம் 2018-ல்தான் கண்விழித்தது போலத் தெரியும்.

நான் எக்செலில் நான்கு பத்திகள் வைத்துக்கொள்வேன். கட்டுரையில் அச்சான நிறுவனப் பெயர் அப்படியே முதல் பத்தியில். நான் புரிந்துகொண்ட நிறுவனம் இரண்டாவதில். எப்படி முடிவு செய்தேன் என்பது மூன்றாவதில். நான்காவது பத்தி காலியாக இருக்கும், சந்தேகம் வந்தால் அதில் ஒரு கேள்விக்குறி. இந்தக் கேள்விக்குறிகளின் எண்ணிக்கையை அறிக்கையில் சொல்லிவிடுங்கள். ஒரு முறை 412 வரிகளில் 57 கேள்விக்குறி வந்தது. மேலதிகாரிக்கு முகம் சுருங்கியது, ஆனால் அந்த எண்ணை மறைத்திருந்தால் என் மீதிக் கணக்கை அவர் நம்பியிருக்கக் கூடாது.

நீக்கப்பட்ட கட்டுரைகளையும் பாருங்கள். அவற்றைத் தொகுத்து வைக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பின் வழியாக எல்லோருக்கும் இலவசம். ஒரு கட்டுரையை நிறுவனமே தவறு என்று சொல்லித் திரும்பப் பெற்றிருந்தால் அதைக் குறையாக எழுதிவிடாதீர்கள், காரணத்தைப் படியுங்கள்.

வேர் வரைக்கும்: அதிக நேரம் செலவாகும் இடம்

இரண்டு வாரத்தில் ஒரு வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் அதிகம் பேசப்படும் இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் வந்த எண்ணாக இருந்தால் நல்லது.

புனே மையத்தின் ஆய்வாளர்கள் முன்னின்று 2020-ல் இந்தியப் பகுதிக்கான காலநிலை மாற்ற மதிப்பீட்டை வெளியிட்டார்கள். இந்தியாவுக்கென்றே இப்படி ஒன்று அதற்கு முன் வந்ததில்லை. "இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் இந்தியாவில் வெப்பம் 4.4 டிகிரி கூடும்" என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அறிக்கையைத் திறந்து அந்த வரியைத் தேடுங்கள். 4.4 டிகிரி என்பது ஆர்சிபி 8.5 என்ற மிக அதிக உமிழ்வுப் பாதையில் போனால் வருவது. எதோடு ஒப்பிட்டு? 1976 முதல் 2005 வரையிலான சராசரியோடு. உலக அளவில் நாம் கேட்கும் 1.5 டிகிரி, 2 டிகிரி எல்லாம் 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டவை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து "உலகத்தைவிட இந்தியா இத்தனை மடங்கு" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தரையில் நிற்பவரின் உயரத்தையும் நாற்காலியில் நிற்பவரின் உயரத்தையும் ஒப்பிட்ட கதை அது. நிறுவனம் தன் அறிக்கையில் பாதையையும் ஒப்பீட்டுக் காலத்தையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறதா என்பது முதல் சோதனை. இந்த அறிக்கை சொல்லியிருக்கிறது. தொலைத்தது தலைப்புச் செய்திதான்.

அதே அறிக்கையில் வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் உயர்ந்தது என்றும், 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்றும் இருக்கிறது. ஆண்டுகளைக் கவனியுங்கள், இரண்டு காலங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. முதல் காலம் தொடங்கும்போது துறைமுகத்தில் நிற்கும் அளவுகோல் மட்டுமே உண்டு, செயற்கைக்கோள் பேச்சுக்கே இடமில்லை. கருவி மாறினால் ஒப்பீடு எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே தளர்கிறது என்று ஆய்வாளர் விளக்கியிருக்கிறாரா? அந்தப் பத்தியைக் கண்டுபிடித்துப் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

கரை அரிப்பில் வேடிக்கை இன்னும் அதிகம். தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து, இந்தியாவின் பெருநிலக் கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருக்கிறது என்றது. தமிழ்நாட்டுக்கு அது 42.7 சதவீதம். எதில் 42.7 சதவீதம்? அவர்கள் ஆராய்ந்த 991 கிலோமீட்டர் கரையில். அரசுக் கணக்கு நீண்ட காலமாகச் சொன்னது 906.9 கிலோமீட்டர். ஒன்றிய அரசு அண்மையில் நுணுக்கமான வரைபடத்தை வைத்துத் திருத்திய கணக்கில் 1,068.69 கிலோமீட்டர். மூன்றும் பொய்யில்லை. வளைவு நெளிவுகளை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோமோ அவ்வளவு நீளம் கூடும், கடற்கரையின் குணம் அது. ஆனால் 42.7 சதவீதத்தை எடுத்து 1,068-ஆல் பெருக்கி "456 கிலோமீட்டர் கரை போச்சு" என்று எழுதினால் அது தவறு. மையத்தின் சொந்தக் கணக்கு சுமார் 423 கிலோமீட்டர். சதவீதத்தைப் பார்த்தவுடன் "எதில்?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த வேலையில் பாதி கற்றாகிவிட்டது.

இனி 2035 கதை. புதிதாக வருபவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

ஐபிசிசி எனப்படும் அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழு 2007-ல் வெளியிட்ட நான்காவது அறிக்கையில், ஆசியா பற்றிய பத்தாவது அத்தியாயத்தில், இமயமலைப் பனியாறுகள் இதே வேகத்தில் போனால் 2035-க்குள் மறைந்துவிட வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு வரி இருந்தது. அதற்குச் சான்றாகக் காட்டியது ஆய்விதழ்க் கட்டுரை அல்ல, உலக இயற்கை நிதியம் 2005-ல் வெளியிட்ட ஓர் அறிக்கை. அந்த அறிக்கை காட்டியது 1999-ல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த செய்தியை. வேரைத் தேடிக்கொண்டே போனால் கையில் கிடைப்பது ஒரு பேட்டி. 2010 ஜனவரியில் ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது.

எனக்கு இதில் வியப்பு 2035 அல்ல. அதே பகுதியில், இமயமலைப் பனியாறுகள் சுமார் 30 லட்சம் ஹெக்டேர் பரப்பில் இருக்கின்றன என்று ஒரு வரி உண்டு. கணக்குப் போட்டால் 30,000 சதுர கிலோமீட்டர். சில வரிகள் தள்ளி, பரப்பு இப்போதுள்ள 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்று எழுதியிருந்தது. ஒரே பகுதியில் ஒரே பனிக்கு 30,000, 5,00,000 என்று இரண்டு பரப்பு! யுனெஸ்கோவுக்காக 1996-ல் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தில் இதே 5,00,000-மும் 1,00,000-மும் வருகின்றன. அங்கே அது துருவங்களுக்கு வெளியே உலகம் முழுக்க இருக்கும் பனியைப் பற்றியது, ஆண்டும் 2350.

பக்கத்து அட்டவணையில் இன்னொன்று. பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்று இருந்தது. கைபேசியை எடுங்கள். 1966-லிருந்து 1845 போனால் 121 ஆண்டு. 2,840-ஐ 121-ஆல் வகுத்தால் 23.5 மீட்டர். 135.2 எப்படி வந்தது? 21-ஆல் வகுத்தால் வருகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பனியியலில் முனைவர் பட்டம் வேண்டியதில்லை, ஐந்தாம் வகுப்பு வகுத்தல் போதும். ஆகவே "நான் விஞ்ஞானி இல்லையே, நான் எப்படி மதிப்பிடுவது" என்று தயங்காதீர்கள். மதிப்பிடும் ஒவ்வொரு அறிக்கையிலும் ஏதாவது ஓர் அட்டவணையை எடுத்து, எல்லா வரிகளையும் நீங்களே கூட்டி வகுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும்.

பிற்பாடு என்ன ஆனது என்பதும் மதிப்பீட்டில் சேரும். இசிமோட் 2019-ல் இந்துகுஷ் இமயமலைக்கான விரிவான மதிப்பீட்டை வெளியிட்டது. வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் போய்விடும் என்றது. 2023-ல் வந்த அடுத்த அறிக்கை, 2011 முதல் 2020 வரை பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்றது. இந்த 65 சதவீதத்தை எடுத்து நீங்கள் பயிற்சி செய்யுங்கள். எதைவிட 65? பரப்பிலா, நிறையிலா? எத்தனை பனியாறுகளை நேரில் போய் அளந்தார்கள், எத்தனை செயற்கைக்கோளிலிருந்து? விடை அறிக்கைக்குள்ளேயே கிடைக்கிறதா, இல்லை இன்னோர் அறிக்கைக்குத் துரத்துகிறதா என்று பாருங்கள்.

கட்டத்தின் அளவைக் கேளுங்கள்

"உங்கள் வார்டுக்கு 2050-ல் மழை எவ்வளவு" என்று சொல்லும் வண்ண வரைபடங்கள் இப்போது நிறைய வருகின்றன. காலநிலை மாதிரி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். வட்டாரக் கணிப்புகளுக்கான சர்வதேசத் திட்டமான கார்டெக்ஸ் தெற்காசியாவுக்குத் தந்த கணிப்புகள் பல காலம் 50 கிலோமீட்டர் கட்டத்தில் இருந்தன, பிறகு 25 கிலோமீட்டரிலும் வந்தன. 50-க்கு 50 என்றால் ஒரு கட்டம் 2,500 சதுர கிலோமீட்டர். விரிவாக்கத்துக்குப் பிறகும் சென்னை மாவட்டம் 426 சதுர கிலோமீட்டர்தான். சென்னையைப் போல ஐந்து ஒரு கட்டத்துக்குள் அடங்கும். தமிழ்நாடு முழுவதற்கும் ஐம்பது சொச்சம் கட்டம், மாவட்டங்கள் 38. வார்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? வர முடியாது என்று சொல்லவில்லை. உள்ளூர் மழைமானிகளை வைத்து நுணுக்கப்படுத்தும் முறைகள் உண்டு. எந்த முறை, எத்தனை மழைமானி, கடந்த காலத்தை வைத்துச் சரிபார்த்தார்களா என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் வரைபடம் மட்டும் வழவழவென்று இருந்தால் அந்த வழவழப்பு கணினியின் கைவண்ணம், வானத்துக்கு அதில் பங்கில்லை.

தரவைப் பதிவிறக்கியும் பாருங்கள். "தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். ஒரு கோப்பை இறக்கித் திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று மணி பார்த்துக் குறியுங்கள். சில இடங்களில் பத்து நிமிடம். ஒரு இடத்தில் நான் படிவம் நிரப்பி, முத்திரை வைத்த கடிதம் அனுப்பி, மூன்று முறை போன் செய்து, நாற்பது நாள் கழித்து ஒரு சிடி வாங்கினேன். சிடி போட என்னிடம் கணினி இல்லை.

"தெரியவில்லை" என்று சொல்லத் தெரிந்தவர்கள்

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 494 மில்லிமீட்டர் கொட்டியது. சென்னை மூழ்கியது. காலநிலை மாற்றம்தான் காரணம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2016-ல் அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் வந்தது. அந்த ஒருநாள் மழையில் மனிதரால் வந்த வெப்பமயமாதலின் தடத்தைத் தங்களால் கண்டறிய முடியவில்லை என்று அது சொன்னது. காற்றிலுள்ள மாசுத் துகள்கள் வங்கக் கடலின் வெப்பத்தை ஓரளவு அடக்கி வைத்திருக்கலாம் என்றும் விளக்கியது. எல்லோரும் ஒரு விடையை எதிர்பார்த்து நிற்கும்போது வேறு விடையைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். இப்படிப்பட்ட வெளியீடு ஒன்றாவது நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். நான் அதற்கு நட்சத்திரக் குறி போடுவேன்.

புனே அறிக்கையிலும் இந்த நேர்மை தெரிகிறது. 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்தது என்கிறது. அதே அறிக்கை, இனி வரும் காலத்தில் பருவமழை கூடும் என்று மாதிரிகள் காட்டுவதையும் சொல்கிறது. முரணாகத் தோன்றும் இரண்டையும் ஒளிக்காமல், கடந்த காலக் குறைவில் காற்றிலுள்ள மாசுத் துகள்களுக்குப் பெரிய பங்கு இருந்திருக்கலாம் என்று காரணம் காட்டுகிறது. காரணம் சரியா, தவறா என்று துறைக்காரர்கள் சண்டை போடட்டும். சண்டை போடும்படி திறந்து வைத்திருக்கிறார்களே, அதைத்தான் நாம் மதிப்பிட வேண்டும்.

மேற்கோள் எண்ணிக்கையை எப்போது தொடலாம்

இதற்கெல்லாம் பிறகு தொடலாம், சுருக்கமாக. ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாக விழும் மேற்கோள் எண்ணிக்கையை, வைத்து ஆய்வாளரை அளக்காதீர்கள் என்று 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம் சொல்கிறது. ஆய்வை எண்களால் அளப்பது பற்றி 2015-ல் வந்த லைடன் அறிக்கை பத்து விதிகளைத் தருகிறது. அதன் மூன்றாவது விதி, உள்ளூருக்குப் பயன்படும் நல்ல ஆய்வைக் காப்பாற்றுங்கள் என்பது. நம்மூர் நிறுவனங்களை மதிப்பிடுபவர்கள் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய விதி. இந்திய வானிலைத் துறை 1950 முதல் நடத்தும் மௌசம் இதழில் வரும் ஒரு கட்டுரைக்கு மேற்கோள் குறைவாகத்தான் விழும். வடகிழக்குப் பருவமழையைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் அந்த இதழைத் தவிர்க்கவும் முடியாது.

மேற்கோளை எண்ணியே தீர வேண்டும் என்றால் இரண்டு கணக்கு போடுங்கள். நாற்பது பேர் எழுதிய கட்டுரையில் உங்கள் நிறுவனத்தின் ஒருவர் இருந்தால் முழுக் கணக்கில் 1, பங்குக் கணக்கில் நாற்பதில் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த நிறுவனம் கூட்டாளியாக இருக்கிறது, முன்னே நின்று நடத்தவில்லை என்று பொருள். குறை சொல்ல வேண்டாம், அப்படியே எழுதுங்கள். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்துவிடுங்கள். ஐபிசிசியின் ஆறாவது அறிக்கையில் 2021-ல் வந்த முதல் தொகுதி மட்டும் 14,000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சுட்டுகிறது. அதில் உங்கள் நிறுவனத்தின் வேலை எங்கே, எந்த வாக்கியத்துக்குச் சான்றாக நிற்கிறது என்று தேடிப் படித்தால், மேற்கோள் எண்ணிக்கை சொல்லாததை அந்த ஒரு வாக்கியம் சொல்லும்.

நுனி வரைக்கும்: மேசைக்குப் போய்ப் பாருங்கள்

தமிழ்நாட்டில் இதற்கு வசதி கூடியிருக்கிறது. காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் அமைப்பு இருக்கிறது, மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். முதலில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள், பிறகு மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை. அதில் நிறுவனத்தின் பெயர் எந்த இடத்தில் வருகிறது? முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்தில் வந்தால் அது மரியாதை. "இந்த ஊரில் மதகின் அகலத்தை இந்தக் கணக்கின்படி கூட்டுகிறோம்" என்ற இடத்தில் வந்தால் அதுதான் பயன். கிடைக்காத ஆவணத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். முப்பது நாள் காத்திருக்க வேண்டியிருப்பதால் இரண்டு வார வேலைக்கு உதவாது. மனுவை முதல் நாளே போட்டுவிட்டு, பதில் வந்ததும் பின்னிணைப்பாகச் சேருங்கள்.

ஆவணத்தோடு நின்றுவிடாமல் நேரில் போங்கள். கடலோர மாவட்டம் ஒன்றின் அலுவலகத்தில், பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளின் வரைபடத் தொகுப்பு பீரோவின் மேல் இருந்தது. வழவழ காகிதம், கனமான அட்டை, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. அதன் மேல் ஒரு டிபன் பாக்ஸ். உதவிப் பொறியாளரிடம், "மழை வந்தா எந்த இடத்துக்கு முதல்ல மோட்டார் அனுப்புவீங்க சார்?" என்றேன். மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதே தொகுப்பின் ஒரே ஒரு பக்கம், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதில் பால்பாயிண்ட் பேனாவால் ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதி, இரண்டு இடங்களில் எல்லைக் கோட்டைத் திருத்தியிருந்தார். "இதுல ஓடைய தப்பா போட்டிருக்காங்க, நான் மாத்திக்கிட்டேன்" என்றார். அந்தத் தொகுப்பு பயன்பட்டதா என்று கேட்டால் பயன்பட்டது. நூறு பக்கத்தில் ஒரு பக்கம், அதுவும் கைத்திருத்தத்தோடு. இதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். அந்தத் திருத்தம் வரைந்தவர்களுக்குப் போய்ச் சேர வழி இருந்ததா என்று விசாரித்தேன், இல்லை. நிறுவனத்துக்கு நான் கொடுத்த பரிந்துரைகளில் உருப்படியானது அதுதான்: தொகுப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் திருத்தம் அனுப்ப ஒரு கைபேசி எண் போடுங்கள்.

மீனவர் கூட்டுறவு சங்கம், உழவர் குழு, பஞ்சாயத்து அலுவலகம் என்று மூன்று இடமாவது போங்கள். "இந்த நிறுவனத்தைத் தெரியுமா?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "காத்து, மழை பத்தி உங்களுக்கு மெசேஜ் வருதா, யார் அனுப்புறாங்க, நம்புறீங்களா?" என்று கேளுங்கள், தானாகப் பேச்சு வரும்.

எழுதும்போது

தரவரிசை கேட்டால் மறுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பக்கம் எழுதி, பெயரின் அகர வரிசையில் வையுங்கள். அவர்களின் ஆள் பலத்தையும் பணத்தையும் அந்தப் பக்கத்தின் மேலேயே போடுங்கள். இருபது பேர் இருக்கும் மையத்தையும் இருநூறு பேர் இருக்கும் நிறுவனத்தையும் படிப்பவர் ஒப்பிடாமல் இருக்க மாட்டார், அவர் கணக்கு சரியாக வர நாம்தான் உதவ வேண்டும். பணம் யாரிடமிருந்து வருகிறது, அறிக்கை வெளியாகுமுன் யார் அதைப் பார்த்தார்கள் என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

வரைவு முடிந்ததும் அந்தந்த நிறுவனத்துக்கே அனுப்புங்கள். மதிப்பிடப்படுபவர் தன்னைப் பற்றிய தரவைச் சரிபார்க்க வாய்ப்பு வேண்டும் என்பது லைடன் விதிகளில் ஒன்று. கருத்தை மாற்ற வேண்டியதில்லை, உண்மைத் தவறு இருந்தால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பத்து நாள் கொடுத்தால் போதும். பதில் போடாதவர்கள் இருப்பார்கள். கோபத்தில் மேலதிகாரிக்கே போன் போடுபவர்களும் இருப்பார்கள்.

எனக்கு ஒரு முறை பதினோராம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் விட்டுவிட்ட 31 கட்டுரைகளின் பட்டியல் அதில் இருந்தது, எல்லாம் அந்த மையத்தின் பழைய பெயரில் வந்தவை. கீழே இன்னொரு பட்டியல், அதில் நான்கு கட்டுரைகள். அவை எங்களுடையவை அல்ல, எங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான்கில் ஒன்றுதான் என் பட்டியலிலேயே அவர்களுக்கு அதிக மேற்கோள் வாங்கித் தந்த கட்டுரை. முப்பத்தொன்றைச் சேர்த்து, நான்கை எடுத்தேன். எடுத்தது யார் சொல்லி என்பதை அவர்கள் பக்கத்தின் மேலே, ஆள் பலத்துக்கும் பணத்துக்கும் அடுத்த வரியாகப் போட்டேன்.